எத்தனை கட்டை?

இந்த மலரில் நமது பாடசாலையின் அதிபர்கள், கட்டடங்கள், மெய்வல்லுநர் போட்டிகள், கலைவிழாக்கள் பற்றியெல்லாம் வேறு சகோதரிகள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வகுப்பினருக்கு மலர்க்குழு தந்த தலைப்பு "கணித பாடம்". நூறு ஆண்டுக் கணித பாடத்தை நாலு பக்கத்தில் எழுத எங்களால் ஆகாது. ஆகவே கணித அறையின் கதவு மூலையில் சாத்தி நின்ற ஒரேயொரு பொருளின் வரலாற்றை எழுதுகிறோம். மண்வெட்டிப் பிடியின் நுனியில் ஒரு பலகை வட்டம், அதில் ஒரு தகரத் துண்டு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் அளவுச் சில்லு.

முதலில் கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று கனடாவிலும் இலண்டனிலும் வளரும் நமது பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சொல் விளங்காது. நமது ஊரில் மைலுக்குப் பெயர் கட்டை. வீதியோரத்தில் மைலுக்கொரு கல் நட்டார்கள். அந்தக் கல்லை மைற்கட்டை என்றோம். பிறகு கல்லின் பெயரே தூரத்தின் பெயராயிற்று. "எத்தினை கட்டை பிள்ளை?" என்று கேட்டால் எத்தனை மைல் என்று பொருள். அதற்கு முந்திய தலைமுறைக்கு வேறு அளவுகள் இருந்தன. கூப்பிட்டால் கேட்கும் எல்லை ஒரு கூப்பிடு, நாலு கூப்பிடு ஒரு காதம் என்று பழைய வாய்பாடுகள் சொல்லும். குரல் வளத்தைப் பொறுத்துத் தூரம் மாறும் அளவு அது. "உந்தா தெரியுது" என்று நம்மூர் ஆட்கள் காட்டும் தூரமும் அந்த இனந்தான். கை நீட்டிக் காட்டிய இடத்துக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டியிருக்கும்.

நாங்கள் படித்த காலம் மைலும் மீற்றரும் ஒன்றாகக் குடியிருந்த காலம். பாடப் புத்தகத்தில் மீற்றர், வீதியில் மைற்கட்டை, கடையில் யார், காணி உறுதியில் ஏக்கர், றூட், பேர்ச். ஒரு மைல் 1.609 கிலோமீற்றர் என்று கொப்பியில் எழுதியிருந்தோம். அது உண்மைதானா என்று பார்த்தவர் எவருமில்லை. எங்கள் கணித ரீச்சர் ஒருநாள், "வீதியில ரெண்டு கட்டை நிக்குது, இடையில 1609 மீற்றர் இருக்கோ எண்டு பாத்திட்டு வந்து சொல்லுங்கோ" என்றார். பாடசாலையில் இருந்த அளவு நாடாவோ 30 மீற்றர். அதை ஐம்பத்து நாலு தடவை குனிந்து விரித்து நிமிர்ந்தால் ஒரு பாடவேளையல்ல, ஒரு நாளே போய்விடும். அப்படித்தான் சில்லு பிறந்தது.

செய்த முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், ஏனென்றால் கணிதம் முழுக்க அதற்குள்தான் இருந்தது. ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு மீற்றர் உருள வேண்டும். பரிதி 100 சென்ரிமீற்றர் என்றால் விட்டம் எவ்வளவு? 22/7 கொண்டு வகுத்தால் 31.8 சொச்சம். ஆரை 15.9. கவராயப் பெட்டியில் இருந்த கவராயம் அந்த அளவுக்கு விரியாது. ஆகவே தேயிலைப் பெட்டிப் பலகையில் ஓர் ஆணி அறைந்து, நூல் கட்டி, நூல் நுனியில் பென்சிலைப் பிடித்து வட்டம் போட்டோம். நூல் இழுபடும் என்று ஒருத்தி சொல்ல, நூலுக்குப் பதிலாக இரண்டு துளையிட்ட மட்டைத் துண்டு வந்தது. வாளால் அறுத்து, அரத்தால் உராவி, விளிம்பு வழுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி ஒட்டினோம்.

ரியூப் ஒட்டிய பின்புதான் ரீச்சர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: ரியூப்பின் தடிப்பு ஒன்றரை மில்லிமீற்றர் என்றால் பரிதி எவ்வளவு கூடும்? ஒன்றரை மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் ஆரை ஒன்றரை கூடினால் விட்டம் மூன்று கூடும். பரிதி ஒன்பது மில்லிமீற்றருக்கு மேல் கூடும். ஒரு மைல் ஓடி முடிக்கும்போது அது பதினைந்து சுற்றுக் கணக்கை விழுங்கிவிடும். பலகையை மீண்டும் உராவிச் சிறிதாக்கி, ரியூப்பின் மேல் நூலைச் சுற்றி அடிமட்டத்தில் வைத்துப் பார்த்து, நூல் ஒரு மீற்றர் காட்டும் வரை ஒரு கிழமை போயிற்று. நடுவில் துளையிட்டு நீள ஆணி ஒன்றை அச்சாக்கி, மண்வெட்டிப் பிடியில் பொருத்தி, பால்மா ரின்னின் தகரத்தில் நாக்கு ஒன்று வெட்டிப் பூட்டினோம். சில்லு ஒரு தடவை சுற்ற அது "டிக்" என்று ஒரு சத்தம் போடும்.

22/7 சரியா, 3.14 சரியா என்ற பழைய வழக்கும் அப்போது தீர்ந்தது. 22/7க்கும் உண்மையான பைக்கும் உள்ள வேறுபாடு ஒரு மைலுக்கு 65 சென்ரிமீற்றர் அளவுதான் வரும். ரியூப்பின் தடிப்பை மறந்தால் அதைப்போல் இருபது மடங்குக்கு மேல் பிழைக்கும். பையின் தசமதானங்களைப் பாடமாக்குவதைவிட நூலைச் சரியாகச் சுற்றுவது முக்கியம் என்று எங்களுக்கு விளங்கியது. பரீட்சை வினாத்தாள் எழுதுபவர்களுக்கும் இது விளங்கியிருந்தால் நன்றாயிருக்கும்.

வீதிக்குப் போனது நாலு பேர் கொண்ட குழு. ஒருத்தி தள்ளுவாள், ஒருத்தி "டிக்"கை எண்ணுவாள், நூறு வந்ததும் மூன்றாமவள் ஒரு புளியங்கொட்டையைச் சட்டைப் பையில் போடுவாள், நாலாமவள் கொப்பியில் எழுதுவாள். சில்லு கல்லில் ஏறி இறங்கினால் கணக்குக் கூடும். வளைந்து நெளிந்து தள்ளினாலும் கூடும். மணலில் சுற்றாமல் இழுபட்டால் குறையும். இதற்காகவே போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் எண்ணிச் சராசரி எடுத்தோம். போகும்போது 1,618, வரும்போது 1,613. மைற்கட்டை பொய் சொல்லவில்லை. வயலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன பிள்ளையள், றோட்டை விக்கப் போறியளோ?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் நம்மூர் வீதியை அளப்பவர் என்றால் காணி பிரிக்கவோ வாய்க்கால் வெட்டவோ வந்த அரசாங்க ஆள்தான். வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாக அளக்க வந்தவர்களை அவர் முதல் தடவை கண்டிருப்பார்.

இந்தச் சில்லு எங்கள் ரீச்சரின் கண்டுபிடிப்பல்ல. இரண்டாயிரம் வருடப் பழசு. உரோமாபுரியின் கட்டடக் கலைஞர் விற்றூவியஸ் கி.மு. முதலாம் நூற்றாண்டில் எழுதிய நூலிலேயே இது இருக்கிறது. நாலடி விட்டமுள்ள வண்டிச் சில்லு, ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை அடி, நானூறு சுற்றுக்கு ஐயாயிரம் அடி, அதாவது ஓர் உரோம மைல். அதனோடு பல்லுச் சக்கரங்களைப் பொருத்தி, மைலுக்கொரு சிறு கல் வெண்கலப் பாத்திரத்தில் "டங்" என்று விழும்படி அமைக்கச் சொன்னார். எங்கள் புளியங்கொட்டைக்கு அது மூத்த அக்கா. ஆனால் நாலடி விட்டத்துக்குப் பரிதி பன்னிரண்டரை அடி அல்ல, அதைவிடக் கொஞ்சம் கூட. கணக்குப் போட்டால் அவருடைய மைல் ஒவ்வொன்றிலும் இருபத்தாறு அடி அதிகம் உருண்டிருக்கும். எங்கள் ரீச்சர் அந்தக் கொப்பியைத் திருத்தியிருந்தால் சிவப்புப் பேனை தொட்டிருக்கும். சீனாவில் செய்த வண்டியில் ஒரு லீ தூரம் ஓடியதும் மரப்பொம்மை ஒன்று பறை அடிக்குமாம்.

நமது கரையும் அளவுக்குப் புதிதல்ல. பாடசாலையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும் நமது சுற்றாடலிலேயே இருக்கிறது மாதோட்டம். திருக்கேதீச்சரத் திருவிழாவுக்கு நடந்து போகாதவர்கள் நம்மில் குறைவு. சோழர் காலக் கல்வெட்டில் அந்தத் துறைமுகம் மாதோட்டமான இராசராசபுரம் என்று வருகிறது. எந்த அரசனின் பெயர் ஊருக்கு இடப்பட்டதோ அந்த இராசராசன்தான் சோழநாட்டு நிலம் முழுவதையும் அளப்பித்தவன். பதினாறு சாண் கோல் கொண்டு அளந்து, ஒரு வேலியின் முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி வரைக்கும், அதற்குக் கீழேயும் கணக்கு எழுதினார்கள். அவ்வளவு நுணுக்கம் எதற்கு? வரிக்கு. உலகில் அளவுகோல் பெரும்பாலும் வரி கேட்பவனின் கையில்தான் இருந்திருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்திலும் அப்படித்தான். இலங்கையின் முதல் பிரித்தானிய தேசாதிபதி பிரடெரிக் நோர்த். நில அளவைத் திணைக்களத்தை 1800 ஓகஸ்ட் 2ஆந் திகதி தொடங்கியவர் அவர். முத்துக்குளிப்பு நடந்த அரிப்புக் கரையில், கடலைப் பார்த்தபடி தமக்கொரு மாளிகை கட்டியவரும் அவரே. 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய அந்த மாளிகையின் இடிபாட்டை நாமெல்லாம் சுற்றுலா போய்ப் பார்த்திருக்கிறோம். ஆவணங்களில் அது டொரிக் மாளிகை, மன்னார் மக்களுக்கு அது அல்லிராணி கோட்டை. தேசாதிபதி கட்டிய வீட்டை ஒரு பெண்ணரசியின் பெயரில் எழுதிவிட்ட நமது முன்னோரின் துணிச்சலை நாங்கள் மிகவும் மெச்சுகிறோம்.

நில அளவையாளர்களின் கையில் இருந்தது சில்லல்ல, சங்கிலி. இங்கிலாந்தின் கணித அறிஞர் எட்மண்ட் கண்டர் 1620 அளவில் வகுத்த சங்கிலி அது: 66 அடி நீளம், நூறு கண்ணி. எண்பது சங்கிலி ஒரு மைல், பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். எண்களைப் பாருங்கள், எவ்வளவு வசதி! வயலில் நின்றபடியே தசமத்தில் ஏக்கரைச் சொல்லிவிடலாம். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளையும் நமது வயற்காணிகளின் பழைய படங்களை விரித்துப் பார்த்தால் ஓரத்தில் சங்கிலிக் கணக்கு இருக்கும்.

பாக்குநீரிணைக்கு அப்பால் இதைவிடப் பெரிய அளவை நடந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல் அளவுதான். நூறடி உருக்குச் சங்கிலியை ஏறத்தாழ நானூறு தடவை வைத்து, வெயிலில் உருக்கு நீளும் என்பதால் கூடார நிழலில் வெப்பமானி பார்த்து அளக்க ஐம்பத்தேழு நாள் சென்றது. அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டித்தான் பின்னர் இமயமலை வரை போனார்கள். உயர்தரத்தில் சைன் விதி படித்த சகோதரிகளுக்கு இது உடனே விளங்கும்: ஒரு பக்கமும் இரண்டு கோணமும் போதும்.

அவ்வளவு நுட்பம் தேவைப்படாத வழித்தட அளவைகளுக்கு அவர்களும் சில்லைத்தான் உருட்டினார்கள். பிடி வைத்த பெரிய சில்லு, சுற்றை எண்ணும் முகப்பு. அதற்கு ஆங்கிலத்தில் பெராம்புலேற்றர் என்று பெயர். குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டிக்கும் பிற்காலத்தில் அதே பெயர்தான் வந்தது. பெயர் ஒன்றானாலும் ஒன்றை ஆணுக்கும் மற்றதைப் பெண்ணுக்கும் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

சில்லும் சங்கிலியும் கொண்டுபோக முடியாத இடமும் உண்டு. திபெத்து வெளியாருக்கு மூடியிருந்த காலத்தில், 1865இல் புறப்பட்ட நைன் சிங் யாத்திரிகர் வேடத்தில் லாசா வரை காலடிகளை எண்ணிக்கொண்டே நடந்தார். வழக்கமான செபமாலையில் 108 மணி. அவருடையதில் நூறே நூறு. நூறு எட்டுக்கு ஒரு மணி தள்ளினால் மாலை ஒரு சுற்று வரப் பத்தாயிரம் எட்டு. மடுவுக்கு நடைபயணம் போகும்போது நம்மவர்களும் செபமாலை உருட்டுகிறார்கள். அதனால் இந்தக் கதையை ரீச்சர் சொன்ன அன்று வகுப்பு சிரித்தது. அடுத்த ஆடித் திருவிழாவுக்கு ஒருத்தி எட்டு எண்ணிக்கொண்டே போனாள். இடையில் கதைத்தபடியால் எண்ணிக்கை விட்டுப்போயிற்று என்று வந்து சொன்னாள். நைன் சிங்கோடு கூட நடக்கத் தோழியர் இருக்கவில்லை.

இந்த வரலாற்றில் ஒரு பெண்ணும் வரவில்லை என்பதை ரீச்சர் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர் அப்படிச் சொற்பொழிவு ஆற்றுபவரல்லர். அவர் செய்தது வேறு. சில்லை முறை வைத்து ஒவ்வொருத்தியிடமும் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளி பின்னேரம் கொண்டுபோய்த் திங்கள் காலை உருட்டிக்கொண்டு வர வேண்டும். வீட்டுப் படலையிலிருந்து பாடசாலைப் படலை வரை எத்தனை மீற்றர் என்று எழுதி வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒரு தவணை முடியும்போது சுவரில் முப்பத்தைந்து பெயரும் முப்பத்தைந்து எண்ணும் இருந்தன. ஆக அருகில் 140 மீற்றர். ஆகத் தொலைவில் 5,260.

அந்தச் சுவரில் என்ன இருந்தது என்று புரிய, அக்காலத்து நிலையைச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதும் பாடசாலை திடீரென்று தூரமாகிவிடும். நேற்று வரை தம்பியோடு நடந்து போய் வந்த அதே வீதிதான். வீதி நீளவில்லை, ஆனால் வீட்டில் "சரியான தூரம், எப்படித் தனிய விடுறது" என்பார்கள். மாமா சொல்வார், பெரியம்மா சொல்வார், அதோடு படிப்பு நின்றுபோகும். எங்களுக்கு முந்திய வகுப்புகளில் தரம் எட்டில் இருந்தவர்களின் எண்ணிக்கையையும் சாதாரண தரம் எழுதியவர்களின் எண்ணிக்கையையும் மூத்த அக்காமார் இன்றும் விரல் விட்டுச் சொல்வார்கள். இடையில் குறைந்தவர்களில் அநேகருக்குச் சொல்லப்பட்ட காரணம் தூரம்.

எங்கள் வகுப்பிலும் ஒருத்திக்கு அது நடந்தது. மூன்று கட்டை என்று அவளின் வீட்டில் பேச்சு. சுவரில் அவளின் பெயருக்கு எதிரே இருந்தது 2,870 மீற்றர். இரண்டு கட்டைக்கும் குறைவு. அந்த எண்ணைக் கொப்பித் தாளில் எழுதி, அதே வழியில் வரும் மற்ற மூன்று பேரின் எண்களையும் கீழே எழுதி, எந்த மதகடியில் யார் யாரைச் சந்தித்து ஒன்றாக நடக்கலாம் என்று படமும் கீறி, ரீச்சர் தாமே அவளின் வீட்டுக்குப் போனார். தனியே நடக்க வேண்டியது முதல் 600 மீற்றர் மட்டும். அப்பா அந்தத் தாளைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். உடனே சம்மதித்தார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் சம்மதிக்க இரண்டு கிழமை எடுத்தது, அம்மம்மாவின் உதவியும் தேவைப்பட்டது. அவள் பின்னர் படவரைஞராக வேலை பார்த்து, இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். இந்தக் கட்டுரையின் கணக்குகளைச் சரிபார்த்ததும் அவள்தான்.

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழியை நமது ஊர்ப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் எடுத்து விடுவார்கள். நமது பாடசாலை விழா மேடைகளில் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனாலும் நாலு பிள்ளைகள் மதகடியில் ஒருவருக்காக ஒருவர் காத்து நின்ற காலைகளை நினைக்கும்போது வேறு வார்த்தை வருவதில்லை.

சில்லு எவ்வளவு காலம் கணித அறையில் இருந்தது என்பதற்குப் பதிவு இல்லை. எங்களுக்குப் பின் வந்த இரண்டு மூன்று வகுப்பினர் அதை உருட்டியதாகச் சொல்கிறார்கள். பிறகு பதிவேடும் இல்லை, சுவரும் இல்லை. 2007ஆம் 2008ஆம் ஆண்டுகளில் மன்னார்ப் பெருநிலம் போர்முனையானபோது அடம்பன் முழுதாக எழும்பியது. நம்மவர்களில் பலர் வெள்ளாங்குளம், மல்லாவி, கிளிநொச்சி என்று கிழக்கே கிழக்கே போனார்கள். அந்த வழியைப் பற்றி இந்த மலரில் வேறு சகோதரிகள் எழுதியிருப்பதால் நாங்கள் இங்கே நிறுத்திக்கொள்கிறோம்.

திரும்பி வந்தபோது நடந்த ஒன்றை மட்டும் சேர்க்கிறோம். போர் முடிந்து மீள்குடியேற்றத்துக்கு ஊர் திறந்தபோது, கண்ணிவெடி அகற்றிய இடங்களுக்குள் மட்டுமே கால் வைக்கலாம். பற்றை மூடிய காணிகளில் வேலியும் இல்லை, படலையும் இல்லை, அடையாளத்துக்கு நின்ற மரமும் இல்லை. உறுதியில் ஏக்கர், றூட், பேர்ச் எழுதியிருக்கும். எங்கிருந்து தொடங்குவது என்று அது சொல்லாது. எங்களில் ஒருத்திக்குத் தன் வீட்டுப் படலை மதகிலிருந்து 412 சுற்று என்பது நினைவில் இருந்தது. சிறுவயதில் திங்கட்கிழமைக் காலை உருட்டி எண்ணிய எண். மதகு உடைந்திருந்தாலும் அதன் கொங்கிறீற்று வீதியோரத்தில் கிடந்தது. அங்கிருந்து துப்புரவாக்கிய வீதி வழியே அளவு நாடா பிடித்துப் போனார்கள். 412ஆவது மீற்றரில் நின்று பற்றைக்குள் பார்த்தால், சில பாகம் உள்ளே, கிணற்றுக் கட்டு தெரிந்தது.

இன்றைய மாணவியர் கைத்தொலைபேசியில் விரலை வைத்தாலே தூரம் வந்துவிடுகிறது. அதையும் நாங்கள் பரீட்சித்துப் பார்த்தோம். விழாவுக்காக ஊருக்கு வந்திருந்தபோது, புதிதாகச் செய்த சில்லு ஒன்றை மகளொருத்தி உருட்ட, நாங்கள் பின்னால் தொலைபேசியோடு நடந்தோம். பாடசாலைப் படலையிலிருந்து சந்தி வரை இரண்டுக்கும் வேறுபாடு ஒன்பது மீற்றர். எது சரி என்று இன்னும் வாதம் நடக்கிறது. படவரைஞர் சில்லின் பக்கம். அவளிடம் நூல் சுற்றிப் பார்த்த கணக்கு இருக்கிறது.

அந்தச் சுவரை மீண்டும் எழுத வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் விருப்பம். எங்களின் முப்பத்தைந்து பேரில் இருபத்திரண்டு பேரின் எண்கள் நினைவிலிருந்து கிடைத்துவிட்டன. மற்ற வகுப்புச் சகோதரிகளே, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் வீட்டுப் படலையிலிருந்து நமது பாடசாலைப் படலை வரை எவ்வளவு என்று சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். கட்டையில் எழுதினாலும் சரி, மீற்றரில் எழுதினாலும் சரி, எட்டுக் கணக்கில் எழுதினாலும் சரி. எட்டில் எழுதுபவர்கள் அப்போது எந்த வகுப்பில் படித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தரம் மூன்றின் எட்டும் தரம் பத்தின் எட்டும் ஒன்றல்ல.